மஞ்சள் எழுத்து

"மறுபடியும் வந்திருச்சு, பெங்குவின்!"

அச்சகத்தில் பிழை திருத்தும் புரூஃப் அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவனுக்கு அதுதான் பெயர். எல்லாவற்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவன் அவன்; தன் மேஜையிலிருந்தே எல்லாவற்றையும் இயக்குவான். அதன் சின்னமான பெங்குவின் படத்தைத் தன் மேஜையில் ஒட்டி வைத்திருந்தான். நடையும் அதே மாதிரிதான். அவளுக்கு எதிர் மேஜையிலிருந்து அசைந்து அசைந்து வந்தான்.

திரை முழுக்கக் கறுப்பு. அதன்மேல் கட்டைவிரல் தடிமனில் மஞ்சள் எழுத்துகள்.

"தீம், அதான் திரையோட கலர் செட்டிங், மக்கர் பண்ணுதுக்கா. புது அப்டேட்டும் பழைய தீமும் மாமியார் மருமக மாதிரி, ஒத்துப்போக மாட்டேங்குது. சரி பண்ணிடறேன்."

"இதையேதான் தினமும் சொல்ற. மத்தவங்க திரையெல்லாம் வெள்ளைவெளேர்னு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"பழைய செட்டிங் உள்ள எங்கயோ ஒட்டிக்கிட்டிருக்கு. துடைச்சாலும் போகலை."

அவள் திரையைவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

அது யாருடைய செட்டிங் என்று அவளுக்குத் தெரியும். இதே நாற்காலியில் அவளுக்கு முன்னால் பிழை திருத்திக்கொண்டிருந்த பெரியவருடையது. கண் மங்கிய பிறகு அவர் இப்படித்தான் கறுப்பில் மஞ்சளாக, பெரிதாக வைத்துக்கொண்டு, விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் படிப்பார். ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டார்.

"கண்ணு தெரியாதவருக்குப் புரூஃப் மேஜையில என்ன வேலை?"

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். போன வேகத்தில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது அதே மஞ்சள், அவள் திரையில். முதலாளி கண்ணில் பட்டால் அவள் பிழைப்பும் அவ்வளவுதான். வீட்டில் கணவன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கொஞ்ச நாளாக அவளுக்கும் பார்வை... சேச்சே, அது ட்யூப்லைட் சரியில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி அறைக் கதவு கிறீச்சிடும். கையால் திரையை மறைக்கப் போவாள். அதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம், சொடக்குப் போட்ட மாதிரி. அவள் எதையும் தொட்டிருக்க மாட்டாள். மஞ்சள் மறைந்து திரை வெளுத்துவிடும்.

முதலாளி எட்டிப் பார்ப்பார். "இப்பல்லாம் உங்க புரூஃப்ல பிழையே இல்லையேம்மா, பேஷ்!" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கதவு மூடும். 'டக்'. மஞ்சள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்று அவளால் தாங்க முடியவில்லை. பெங்குவின் காதருகே குனிந்தாள்.

"அவர்தான் வர்றார், தம்பி."

"யாருக்கா?"

"பெரியவர். முதலாளி வந்தா ஒளிஞ்சுக்கறார். என்னை மட்டும் படுத்தறார்."

பெங்குவின் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் கண்களையே பார்த்தான்.

"உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணிட்டார்? இருந்துட்டுப் போகட்டுமேக்கா."

"இருந்துட்டுப் போகட்டுமா? உனக்கு வேலை தெரியலை, அதைச் சொல்லு!"

அன்று சாயங்காலமே அவள் முதலாளி அறைக்குப் போனாள். மஞ்சளைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஒரு தீம் சரிபண்ணத் தெரியலைங்க அவனுக்கு. தினமும் என் மெஷினை நோண்டிக்கிட்டே இருக்கான். வேலையே ஓட மாட்டேங்குது."

"அப்படியா? இன்னையோட அவனை அனுப்பிடறேன். நாளைக்கே வேற ஆள் பார்த்துடலாம்."

பெங்குவின் தன் மேஜையிலிருந்த படத்தைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகும்போது அவளிடம் வந்தான்.

"நாளையிலிருந்து நீங்க கேட்ட மாதிரியே இருக்கும்க்கா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் காலை திரை வெள்ளைவெளேர் என்று இருந்தது. எல்லார் திரையும் போல. 'அப்பாடா, தொலைஞ்சது' என்று பெருமூச்சு விட்டு, புரூஃபைத் திறந்தாள்.

எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போனாள். எறும்பு கலைந்து பனியானது. மூக்கு திரையில் இடித்தது. பனி விலகவில்லை.

கதவு கிறீச்சிட்டது.

"அம்மா, அந்த மூணாவது வரியைக் கொஞ்சம் வாசிங்க, கேட்போம்." முதலாளி பின்னால் வந்து நின்றார்.

'பெரியவரே, ஒரே ஒரு தடவை வந்துடுங்க' என்று மனசுக்குள் கும்பிட்டாள். அந்த 'டக்' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அது இத்தனை நாளும் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

எதிர் மேஜை காலியாக இருந்தது.