பதினோராம் உறை

"ஆடாத கண்ணு. ஒரே நறுக்குதான்."

பிள்ளையை மடியில் சாய்த்து, பிடரியோரம் ஒரு கொத்து முடியைக் கத்தரித்தாள் நவமணி.

"வலிக்குமா?"

"முடிக்கு ஏதுடா வலி?" கத்தரித்ததை நூலால் கட்டினாள். பதினொன்று என்று எண் போட்ட காகித உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

அது 1978. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் கத்தரீன் வந்திருந்தார். தொழிலாளர்களின் லைன் வீட்டுத் தாய்மார்களுக்கு ஆளுக்கோர் உறை கொடுத்தார். பிள்ளைகளின் உடம்பில் சேரும் விஷம் முடியில் தெரியும், அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்றார்.

மேனேஜர் லியோனார்ட் துரை ஒரு நிபந்தனையோடுதான் அனுமதித்தார். "பேரு எழுதக் கூடாது, நம்பர் மட்டும்தான். இல்லாட்டி நாளைக்கு எவளாவது யூனியனுக்குப் போவா."

நவமணியின் மகள் செல்லத்துக்கு ஆறு வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்லம் வயிற்றில் இருந்தபோது நவமணி முதுகில் தொட்டியைச் சுமந்து, களையைக் கொல்லும் புல் மருந்து அடித்தவள். வேறு வேலை கேட்டு நின்றவளிடம் துரை சொன்னார்: "முடியலன்னா லைன் வீட்டக் காலி பண்ணு."

இப்போது அவள் பங்களா வேலைக்காரி. அதே துரைக்கும் துரைசானிக்கும் தினமும் தேத்தண்ணி கலந்து கொடுத்தாள், அவர்கள் பிள்ளையைக் குளிப்பாட்டினாள்.

மூன்று மாதம் கழித்து, தோட்டத்து ஆபீஸ் வாசலில் தாய்மார்கள் கூடினார்கள். டாக்டர் தாளைப் பிரித்தார்.

"எல்லாப் பிள்ளைங்க முடியிலயும் ஆர்செனிக் இருக்கு. புல் மருந்துல இருக்கிற விஷம் அது. மருந்துத் தொட்டிய ஓடையில கழுவுறீங்க. அந்தத் தண்ணியத்தான் லைன்லயும் பங்களாவுலயும் எல்லாரும் குடிக்கிறீங்க. பதினோராம் நம்பருக்குத்தான் ரொம்ப அதிகம். இன்னிக்கே அந்தத் தண்ணிய நிறுத்தணும். மூளை வளர்ற வயசு."

துரை சிரித்தார். "ஓடையெல்லாம் சும்மா லா, டாக்டர். அந்தப் புள்ளயோட ஆத்தா மருந்து டின்னுல தண்ணி புடிச்சு வச்சிருப்பா. பெத்துப் போட்டா போதுமா? புள்ள வளக்கத் தெரியாத ஜென்மங்க." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "யாரு பதினொண்ணு?"

நவமணி கையைத் தூக்கினாள்.

"நெனச்சேன். ஒன் ஊமைப் புள்ளதானே?"

"எம் புள்ள முடிய நான் குடுக்கல, துரை."

"அப்ப எவ புள்ள அது? இந்த லட்சணத்துல புள்ள வளக்குறவ எவ? வரச் சொல்லு அவள! எல்லாரு முன்னாடியும் வந்து நிக்கட்டும்!"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நவமணி அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"துரைசானியம்மா பங்களாவுலதான் இருக்காங்க. கூப்பிடவா?"