வரிசையில் நின்ற வேலை

உழவர்கரை ஸ்டுடியோவில் எல்லா கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே ஸ்டோரேஜ் பெட்டி. லினெட் அதிலிருந்து கல்யாண வீடியோவைத் தன் கம்ப்யூட்டருக்குக் காப்பி போட்டிருந்தாள். அதற்குப் பின்னால் கேமராமேன் ஜெர்ரியின் வேலை வரிசையில் நின்றது. ஜெர்ரிக்கு இருப்பே கொள்ளவில்லை.

“பெட்டிய ரீசெட் பண்ணிடவா?”

“ஐயோ, வேணாம்ணா! பாதியில இருக்கறது, வரிசையில நிக்கறது எல்லாம் அம்போன்னு போயிடும். பொண்ணு வீட்டுக்காரங்க வேற படம் பாக்க வந்துட்டாங்க.”

அவர்களைக் கூப்பிட அவள் எழுந்து போனதுதான் தாமதம், ஜெர்ரி ரீசெட்டை அழுத்திவிட்டான். இவ காப்பி ஒழிஞ்சா அடுத்தது நம்ம வேலதானே!

பெண்ணின் அத்தை இருதயமேரி உட்காரும்போதே ஆரம்பித்தாள். “கேக்கு மேல இருந்த சர்க்கரை மாப்பிள்ளை பொம்மைய எந்தக் கட்டையில போறவன் தின்னானோ! அபசகுனம்னு சம்பந்தி வீட்ல இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல.”

“காப்பி நின்னு போச்சே! சரி, பெட்டியிலேருந்தே ஓட்டறேன்” என்றாள் லினெட்.

திரை முழுக்க ஜெர்ரி. அணைக்க மறந்த தன் கேமரா முன்னாலேயே சர்க்கரை மாப்பிள்ளையின் தலையை நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தான்.

“இதத்தானே டெலிட் போட்டிருந்தேன்!” என்று அலறினான் ஜெர்ரி.

“வரிசையில நின்ன வேல அதானா?” என்றாள் லினெட். “அதையும் சேத்துதாண்ணா ரீசெட் பண்ணிட்டீங்க.”