ஒரு மில்லிமீட்டர்

“சுப்பராயன்ங்கிறது யாரு? நீதானா?”

திருவள்ளூரை அடுத்த அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில், முதல்வரின் அறைக்குள் அனுமதி கேளாமலேயே நுழைந்த ஆரோக்கியமேரி, அங்கே நின்றிருந்த ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநரை நோக்கி விரலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால், அழுது சிவந்த கண்களுடன் அவள் மகன் பாக்கியநாதன்.

கையிலிருந்த இரும்புத் தகட்டை முதல்வரின் மேசைமீது வைத்தாள்.

“பாருங்க சார். ஒரு மாசமா அரத்தால தேய்ச்சித் தேய்ச்சி எம் புள்ளை கையெல்லாம் கொப்புளம். நாளைக்கி வெளியிலேர்ந்து ஆளு வந்து இதுக்கு மார்க்கு போடப்போறாரு. இன்னிக்கிப் பாத்து இந்த ஆளு இதை வாங்கி, தானே அராவி, நாசம் பண்ணி வெச்சிக்கிறாரு.”

முதல்வர் தகட்டை அளந்து பார்த்தார். கனம் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

“இதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியாதா, சுப்பராயன்?”

“தெரியும் ஐயா.”

“பிறகு ஏன் அராவினீர்கள்?”

ஆரோக்கியமேரி குறுக்கே புகுந்தாள்.

“அவரு இன்னா சொல்வாரு? நான் சொல்றேன் சார். கழனியில நாத்து நட்டவ பெத்த புள்ள மிசினாண்ட நிக்கிறது அவரு கண்ண உறுத்துது. இவங்க அப்பாரு ஆசையா அந்த இரும்ப...”

“வாயை மூடு” என்று கத்தினார் சுப்பராயன்.

முதல்வர் எழுந்துவிட்டார்.

“ஒரு பெண்ணிடம் பேசும் முறையா இது? நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் வராவிட்டால், உங்களை இங்கிருந்து மாற்றும்படி மேலிடத்துக்கு எழுதுவேன்.”

“எழுதுங்கள் ஐயா. என்னிடம் விளக்கம் இல்லை.”

“அப்படியானால் இந்தப் பையனின் கதி?”

“ஆறு மாதம் கழித்து மறுதேர்வு எழுதட்டும். வேறு இரும்பு நான் தருகிறேன்.”

“கேட்டியாடா?” என்று மகன் பக்கம் திரும்பினாள் ஆரோக்கியமேரி. “ஆறு மாசமாம். இவரு ஊட்டுப் புள்ளையா இருந்தா இப்பிடி வாய் கூசாம சொல்வாரா?”

அந்த நேரத்தில் அவள் கணவன் சாலமோன் வந்து சேர்ந்தான். திருநின்றவூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, காக்கி உடையைக்கூடக் களையாமல் ஓடி வந்திருந்தான். மேசைமீதிருந்த தகட்டைப் பார்த்தான்; அடுத்த கணம் சுப்பராயனின் சட்டைக் கழுத்து அவன் பிடியில் இருந்தது.

“படிப்பு சொல்லிக் குடுக்கிற ஆளாய்யா நீ? எம் புள்ளை பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே. உனக்கு நான் இன்னாய்யா பாவம் பண்ணேன்?”

முதல்வர் காவலாளியைக் கூப்பிட்டார்.

“வேண்டாம் ஐயா, நாங்களே பேசிக்கொள்கிறோம்” என்ற சுப்பராயன், சட்டையைப் பற்றியிருந்த கையை விலக்காமலே, சாலமோனைத் தாழ்வாரத்தின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். யாரும் பின்தொடரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவன் காதருகே சொன்னார்:

“அதன் பின்புறத்தில் உன் தொழிற்சாலையின் முத்திரை ஆழமாகப் பதிந்திருந்தது, நாளை மதிப்பெண் போட வருபவர் உன் கிடங்கு அதிகாரி.”