வீட்டு வைஃபை

அலுவலக லேப்டாப்பை விருந்தினர் வைஃபையில்தான் இணைக்க வேண்டும். மாடிவீட்டுக்காரர்கள் அதில் படம் பார்த்துக்கொண்டிருந்ததால் வேகம் இல்லை. வீட்டு வைஃபையில் இணைத்தேன். லேப்டாப் இணைந்திருக்கும்வரை அந்த வைஃபையிலுள்ள கருவிகள் எல்லாம், வேலைக்கு இடைஞ்சல் வராதபடி, அலுவலகத்தின் சொல்லைத்தான் கேட்கும். செத்துப்போன என் மனைவி தீபிகாவின் குரலில் பேசும் கருவியும் அதில்தான் இருந்தது.

பள்ளியிலிருந்து வந்த மகள் அனிச்சா அதன்முன் நின்று கத்தினாள். "அம்மா, கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

"அப்பா வேலையில இருக்காரு. சத்தம் போட்டா அம்மா போயிடுவேன்," என்றது தீபிகாவின் குரல்.

லேப்டாப்பைத் துண்டித்தேன். குரல் பழையபடி குழைந்தது. "சொல்லுடி தங்கம்."

அனிச்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசு பாப்பா, அம்மா கூப்பிடுறா," என்றேன்.

அவள் என் காதருகே வந்தாள். "நீயும் பேசாதப்பா. அம்மா மறுபடியும் போயிடுவாங்க."