பாட்டு மட்டும் இந்த வழியாக

"ரெண்டு நாளா இது கண்ணே சிமிட்டல, தம்பி."

பெரியவர் காட்டிய இடத்தில், டிவிக்குப் பக்கத்தில், டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் கடுகளவு பச்சை விளக்கு. கூடத்தில் இருந்த ஒரே சாய்வு நாற்காலி டிவியைப் பார்க்காமல் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி கிடந்தது.

"நெட்டு வருதுங்களா, ஐயா?" என்று பையைக் கீழே வைத்தார் நெட்காரர்.

"நெட்டு பிரமாதமா வருது. நெட்டை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு விளக்கு எரியணும்."

அப்புறம் விஷயம் வந்தது. ஒரே மகன் கடல் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறான். சின்ன வயதிலிருந்து அவன் கேட்ட பாட்டு ரேடியோ, நெட்டில் வருவதுதான், அந்த நாட்டில் திறக்காது. அதனால் கிளம்புவதற்கு முன் இந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். அங்கே அவன் ரேடியோவைத் திறந்தால், அந்தக் கோரிக்கை இந்த வீட்டுக்கு வந்து, இங்கிருந்து கேட்பது போலப் போகும். பாட்டும் அதே வழியில் திரும்பிப் போகும். அப்போது மட்டும் விளக்கு சிமிட்டும்.

"ப்ராக்ஸி வெச்சிருக்காரு. மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் அங்கேயே நேராப் போயிடுமாம். பேங்கு, ஆபீசு, சினிமா எதுக்கும் நாம வேண்டாம். பாட்டு மட்டும் அப்பன் வீட்டைச் சுத்திக்கிட்டுப் போகணும்." பெரியவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "போன பிறகு ஒருநாள் போன்ல வாய்த்தகராறு. நான் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். அதோட என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டான். அம்மாவோட மட்டும்தான் பேசுவான். ஆனா சாயங்காலமானா விளக்கு சிமிட்டும். துரை என் முகத்துல முழிக்க மாட்டாரு, பாட்டு கேட்க என் வீட்டு வாசல் வேணும்."

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். இரண்டு கையாலும் ஒரு புது போனைப் பிடித்திருந்தார், சுடுகிற பாத்திரத்தைப் பிடிப்பது போல.

"அவ பழைய போன் தண்ணியில விழுந்துடுச்சு. புதுசு வாங்கிக் கொடுத்தேன்," என்றார் பெரியவர். "வந்ததுதான் வந்தீங்க, அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க."

நெட்காரர் மடிக்கணினியை இணைத்துப் பெட்டியின் உள்ளே நுழைந்தார். ஒரு குறையும் இல்லை. யார் வருவார் என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் காவல்காரனைப் போல அது விழித்தே இருந்தது. வருகிறவர்தான் இல்லை. சரி, முன்பெல்லாம் எங்கிருந்து வந்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தார். பார்த்தவர் விரலை எடுத்துக்கொண்டார்.

வெளிநாட்டிலிருந்து கடைசியாக அந்த வழியே வந்தது போன வருடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் வந்திருந்தது இந்த வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு போன்.

அவர் நிமிர்ந்தபோது அந்த அம்மாள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தம்பிக்கு டீ போடணும். பால் தீர்ந்துபோச்சு," என்றார் கணவரிடம்.

பெரியவர் மறுபேச்சு இல்லாமல் எழுந்து, அவசரமே இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கேட் மூடும் சத்தம் கேட்கும்வரை அம்மாள் வாய் திறக்கவில்லை.

"பையன் போன வருஷமே போயிட்டான்ப்பா. அங்கேயே அடக்கமும் பண்ணிட்டாங்க. கூட வேலை பாத்தவரு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. இவருக்கு நெஞ்சுல கோளாறு. அதுவும் சண்டை போட்ட நிலையில பிள்ளை போயிட்டான்னா, இவர் தாங்குவாரா?"

நெட்காரர் மடிக்கணினியை மூடி வைத்தார்.

பெட்டி வைத்த அன்று மகன் அம்மாவின் போனில்தான் சோதித்துப் பார்த்தானாம். அந்த ரேடியோவுக்கு மட்டும் பெட்டி வழியாகப் போகும்படி செய்தவன், அதை எடுக்க மறந்துவிட்டான். செய்தி வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், மனசு கேட்காமல் அம்மாள் சமையலறையில் அவன் பாட்டைப் போட்டிருக்கிறார். கூடத்திலிருந்து கணவர் கூப்பிட்டார், "இவளே, வந்துட்டான் பாரு" என்று. அன்று தொடங்கியது.

"இந்தப் புது போன்ல அதைச் செய்ய எனக்குத் தெரியல. யார்கிட்டன்னு போய்க் கேட்பேன்?"

நெட்காரர் போனை வாங்கி அந்த ஒரு ரேடியோவை மட்டும் பெட்டி வழியாகத் திருப்பிவிட்டார்.

பெரியவர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். அம்மாள் சமையலறைக்குள் போன சிறிது நேரத்தில் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அப்புறம் விடாமல் சிமிட்டியது.

"இவளே, வந்துட்டான் பாரு," என்றார் பெரியவர்.

டீயைக் குடித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு நெட்காரர் கிளம்பினார். பெரியவர் கேட் வரை கூடவே வந்து, வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ போன்ல சரியாப் போட்டாச்சுல்ல, தம்பி?"

"பெட்டிதாங்க ஐயா கோளாறு. இனிமே உங்க பையன்..."

"பெட்டியில கோளாறு இல்லைன்னு தெரிஞ்சுதான் உங்களைக் கூப்பிட்டேன்." அவர் கேட்டின் கொக்கியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "அந்தச் செய்தி முதல்ல எனக்குத்தான் வந்தது. அவகிட்டச் சொல்ல நாக்கு எழும்பல. போன் பண்ணினவர்கிட்ட, நீங்களே சொல்லிடுங்கன்னு அவ நம்பரைக் கொடுத்ததே நான்தான். எனக்காகன்னு நினைச்சுத்தான் அவ தினமும் அந்தப் பாட்டைப் போடறா. அது நின்ன இந்த ரெண்டு நாளா ஒரு வாய் சோறு இறங்கல அவளுக்கு."