மேசைக்கு அந்தப் பக்கம்

சந்தையின் தகரக் கூரை ஓட்டைகளில் இறங்கும் வெயில் தக்காளிகள்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா தயங்கி நிற்கிறார், அவருக்குப் பின்னால் அம்மா. போன மாதம் தக்காளி நிலத்தை விற்ற சேதியை மூத்த மகளிடம் வழியிலேயே சொல்லிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வழி தீர்ந்துவிட்டது, வாய் வரவில்லை. எட்டு வயதுக்காரி அவர் கையை உதறிவிட்டு, இதுநாள்வரை தாங்கள் தக்காளி விற்ற மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் எழுந்து நிற்கிறாள். வெடித்த பழங்களைப் பொறுக்கித் தனியே வைக்கிறாள். மற்றவற்றைக் காம்பு கீழே இருக்கும்படி திருப்பி அடுக்குகிறாள். அங்கே நிற்பவர் நிலத்தோடு இந்த மேசையையும் வாங்கியவர். அப்பா வைத்த ஆள் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

“மாமா, தராச இப்படி நகத்துங்க. எங்கப்பா பாத்தா திட்டுவாரு.”

அவர் மறுபேச்சில்லாமல் நகர்த்துகிறார். “இருக்கட்டும்ணே, விளையாடட்டும்,” என்று அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

“அப்பா, என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? கூட்டம் சேருது, உள்ள வாங்க!”

அப்பா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். அம்மாதான் முன்னால் வந்து, காலிப் பையை மேசைக்கு மேலே விரித்துப் பிடிக்கிறாள்.

“அரைக் கிலோ போடு, கண்ணு.”

மகள் களுக்கென்று சிரிக்கிறாள். “நம்ம தக்காளிய நாமளே வாங்குறதா?”

அம்மா பையை விரித்தபடியே நிற்கிறாள். மகளின் சிரிப்பு கண்ணிலிருந்து முதலில் போகிறது, பிறகு வாயிலிருந்து. கையிலிருக்கும் பழத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்பதுபோல, அவள் அந்தப் புது ஆளை நிமிர்ந்து பார்க்கிறாள்.