ஜீப்பில் பார்த்த சாலை

காலை ஏழரை மணிக்கு நாற்பத்தோராவது பள்ளத்தில் இறங்கி ஏறியது தபால்காரர் சவரிமுத்துவின் சைக்கிள். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி குறையாவிட்டால் சைக்கிளை விற்றுவிடும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சைக்கிளுக்கு அதுதான் கவலை.

சாலையைச் சோதிக்க வந்த அதிகாரியின் ஜீப் ஓரமாக நின்றிருந்தது.

"என்னண்ணே, ரோடு எப்படி?" என்று கேட்டது சைக்கிள்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு தம்பி. ஐயா வழியெல்லாம் தூங்கிட்டே வந்தார். 'நல்ல நிலை'ன்னு எழுதியும் ஆச்சு."

"உங்க மெத்தையில உட்கார்ந்தா பள்ளம் எங்கே தெரியப்போகுது?"

மீதிச் சாலையைப் பார்க்கக் கிளம்பியபோது ஜீப் மக்கர் பண்ணியது. அதிகாரி சைக்கிளை இரவல் வாங்கினார். பள்ளம் வந்தால் சவரிமுத்து பெடலில் எழுந்து நின்றுகொள்வார். அதிகாரிக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் பள்ளத்தில் பல்லைக் கடித்தார். ஆறாவதில் இறங்கி, இடுப்பைப் பிடித்தபடியே அறிக்கையைத் திருத்தினார். சைக்கிளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பத்து நாள் கழித்து, பிப்ரவரி 12ஆம் தேதி, அந்தச் சாலையின் தொடக்கத்தில், 'சைக்கிள்கள் செல்லக் கூடாது' என்று பலகை நட்டார்கள்.